பட்டிக்குக் கூரை கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் பத்திரிகையில் எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று வந்திருந்தது. பட்டிக்குள் தெருநாய்கள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதைப் பற்றிய செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் மதுரைப் பக்கத்து வாசகர் ஒருவர், ‘பட்டி என்று மட்டும் போட்டால் எந்தப் பட்டி என்று எப்படித் தெரியும், ஊர்ப்பெயரை முழுசாகப் போட வேண்டாமா’ என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழேயே, இது வட்டார வழக்கு, இனிமேல் குழப்பம் வராமல் ‘ஆட்டுக் கொட்டகை’ என்று எழுதுகிறோம் என்று நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் பற்றாவிட்டால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். பட்டியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கொட்டகைக்குக் கூரை உண்டு. பட்டிக்குக் கூரை கிடையாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் காங்கயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவில் ஒரு வலசுக்காரன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முப்பத்தோரு வருடம் இருந்துவிட்டு, உடம்பு ஒத்துக்கொள்ளாமல் ஊருக்கே திரும்பி, அப்பன் விட்டுப்போன கொரங்காட்டில் ஆடு வளர்க்கிறேன். கொரங்காடு என்றால் உங்கள் சென்னை அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உழுது விதைக்காமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காங்கயம் மாடு இப்படிப்பட்ட நிலத்தில் மேய்ந்துதான் பேர் வாங்கியது. பகல் முழுக்க ஆடுகள் அதில் திரியும். பொழுது சாய்ந்ததும் ஓட்டி வந்து பட்டியில் அடைப்போம். மூங்கில் பிளாச்சில் பின்னிய படல்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டி வட்டமாகவோ சதுரமாகவோ நிறுத்தினால் அதுதான் பட்டி. இப்போது கம்பி வலைப் படலும் வந்துவிட்டது. நாலைந்து நாள் ஓரிடத்தில் அடைத்துவிட்டு, படல்களைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்து இடத்தில் நடுவோம். அப்படி நகர்த்தி நகர்த்தி ஒரு காடு முழுக்கப் பட்டி போட்டுவிட்டால் அந்த மண்ணுக்கு வேறு உரமே வேண்டாம். ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்று சும்மாவா சொன்னார்கள்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் ‘என்னோட காட்டுல பத்து நாளைக்குப் பட்டி போடுங்க’ என்று கேட்பார். அவரிடம் போய் ‘உங்கள் காட்டில் பத்து நாளைக்குக் கொட்டகை போடட்டுமா’ என்று நான் கேட்டால் என்னைப் பந்தல்காரன் என்று நினைத்துக்கொள்வார்.

சரி, மதுரை வாசகர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் கேட்டது அவர் காதுக்கு நியாயம். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, வாடிப்பட்டி, கோவில்பட்டி என்று திரும்பின பக்கமெல்லாம் பட்டி என்றால் ஊர் என்றிருக்கும் சீமை அது. எங்கள் பக்கம் ஊர்ப்பெயர் பெரும்பாலும் பாளையம், வலசு, புதூர் என்று முடியும். பட்டிகளும் உண்டுதான், ஆனால் பட்டி என்று தனியாகச் சொன்னால் ஊர் நினைவு வராது. ஆட்டுப் புழுக்கை வாசம்தான் வரும். ஒரே தமிழ்தான், நடுவில் திண்டுக்கல் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் இந்த வித்தியாசம் எனக்குப் பன்னிரண்டு நாள் அலைச்சலைக் கொடுத்தது.

போன மாசியில் என் பட்டிக்குள் நாய் இறங்கியது. காங்கயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பக்கம் இந்தக் கொடுமை எத்தனை நடந்தது, செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு ஜனங்கள் மறியலில் உட்கார்ந்தது எல்லாம் உங்கள் பத்திரிகையிலேயே வந்தது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு ஓர் ஒரம்பரை (சொந்தக்காரர்) வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, அசதியில் பட்டிக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்துவிட்டேன். வெடியாலே போய்ப் பார்க்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. செம்மறி ஆடு அப்படித்தான், நாய் கவ்வினால்கூட வாய் விட்டுக் கத்தாது. தெற்குப் பக்கத்துப் படல் ஒன்று அடியில் ஒரு முழம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே ஒன்பது உருப்படி கிடந்தன. நாலுக்குக் கழுத்தில் கடி. மற்ற ஐந்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. பயத்தில் எல்லாம் ஒரே மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறியதில் அடியில் மாட்டியவை மூச்சு முட்டிச் செத்திருந்தன. அந்தக் குவியலுக்கு அடியில் ஒரு குட்டி மட்டும் உயிரோடு இருந்து, என் கையைத் தாய் மடி என்று நினைத்து முட்டியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

இழப்பீட்டுக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான். தென்மாவட்டத்துக்காரர். ‘எனது பட்டியில் இருந்த 9 ஆடுகள்’ என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“எந்தப் பட்டிண்ணே?”

“என்ற பட்டிதானுங்க.”

“உங்க பட்டிதான், அது தெரியுது. பேரு என்ன?”

“பட்டிக்கு என்னங்க பேரு? பட்டிதான்.”

எனக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. வைத்துவிட்டுப் போங்கள் என்றார். பன்னிரண்டு நாள் கழித்து மனு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘பட்டியின் முழுப் பெயர் குறிப்பிடவும்’. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கூட வந்து, ‘சார், ஆடு அடைக்கற எடத்துக்குங்க நாங்க பட்டின்னு சொல்லுவோம்’ என்று விளக்கியதும் அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். ‘அதைக் கிடைன்னுல்லண்ணே எழுதணும்’ என்றார். அவர் ஊரில் அது கிடை. எங்கள் ஊரில் ‘கிடை’ என்றால் நோயாளி எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடப்பது. வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த ஒரு சொல் என்னைத் தமிழுக்குள் படுத்தியது இவ்வளவுதான். கேரள எல்லை வாளையாரைத் தாண்டியதும் படுத்தியதைச் சொல்லாவிட்டால் கடிதம் முழுசாகாது.

என் மகள் கோயமுத்தூரில் வேலை பார்த்த இடத்தில் ஒற்றப்பாலத்துப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய், வீட்டில் சொல்லி, ஆறு மாதம் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்து, கடைசியில் சரி என்றேன். பையன் வீட்டார் பெண் பார்க்க என்று முறைக்கு வந்தார்கள். பையனின் அப்பாவுக்குத் தமிழ் ஓரளவு ஓடும். அம்மாவுக்குச் சுத்தமாக வராது, ஆனால் மெதுவாகப் பேசினால் புரியும் என்றார்கள். மலையாளமும் தமிழும் அக்கா தங்கைதானே என்று நானும் தைரியமாகப் பேச உட்கார்ந்தேன். வேலையெல்லாம் விட்டாச்சா, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அந்த அப்பா கேட்டார்.

“பட்டி வெச்சிருக்கறனுங்க. ரெண்டு பட்டி.”

அம்மா லேசாகச் சிரித்துத் தலையாட்டினார். வீட்டுக்கு நல்லதுதான் என்பது போல.

“வெடியால எந்திரிச்சதும் பட்டியத் தொறந்து உட்டுட்டுத்தானுங்க காப்பியே குடிப்பேன். ராத்திரி படுக்கையும் பட்டியிலதான். வீட்ல படுத்தா எனக்குத் தூக்கமே வராதுங்க.”

அம்மா பையனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்தான். நான் உற்சாகத்தில் இருந்தேன். சம்பந்தி வீட்டாருக்கு நம் ஊர்ப் பெருமை தெரிய வேண்டாமா?

“பொங்கலுக்கு மறுநாள் வந்து பாருங்க. பட்டிக்குப் பொங்கல் வெச்சு, தேங்கா ஒடச்சு, எல்லாரும் பட்டியச் சுத்தி வந்து ‘பட்டி பெருக, பட்டி பெருக’ன்னு கத்துவமுங்க!”

அந்த அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ‘பட்டி பெருகானோ?’ என்று கணவரிடம் கேட்டது எனக்கே கேட்டது. பையன் என் பக்கம் சாய்ந்து காதில் சொன்னான்: “அங்கிள், எங்க பாஷையில பட்டின்னா நாய்.”

நான் அதுவரைக்கும் சொன்னதையெல்லாம் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நாய் இரண்டு வைத்திருக்கிறேன், ராத்திரி நாயோடு படுக்கிறேன், நாய்க்குப் பொங்கல் வைத்துத் தேங்காய் உடைத்து நாய் பெருக வேண்டும் என்று ஊரே கூடிக் கத்துகிறோம். இந்த வீட்டிலிருந்தா பெண் எடுப்பது என்று அவர்கள் எழுந்து போயிருந்தாலும் தப்பு சொல்ல முடியாது. அந்த அப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் அம்மா. அப்புறம் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து என் சம்சாரம். வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர், இங்கே வெள்ளம் என்கிற கதையை எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பழசாக்கிவிட்டார்கள். என் பட்டிக் கதை இன்னும் எங்கள் இரண்டு வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

திருப்பூரில் நான் இருந்த காலத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு முகம். போலோ டி-ஷர்ட்டில் கழுத்துக்குக் கீழே பட்டன் வைக்கிற துண்டுக்கு அங்கே பட்டி என்று பெயர். பட்டி வெட்டு, பட்டி அடி, பட்டி கோணலாகப் போய்விட்டது பிரி என்று ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும். அது எங்கள் ஆட்டுப்பட்டி இல்லை, ஹிந்திப் பட்டி. நீளமான துண்டு, நாடா, கட்டு எல்லாமே ஹிந்தியில் பட்டிதான். ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் ஜார்க்கண்ட் பையன் ஒருவனுக்கு மிஷின் ஊசி விரல் நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. வந்து இருபது நாள்கூட ஆகாத பையன். கையைப் பிடித்துக்கொண்டு ‘பட்டி, பட்டி’ என்று கத்துகிறான். அவன் கேட்டது காயத்துக்குக் கட்டுத் துணி. லைன் பார்த்த எங்கள் ஆள், இந்த நேரத்திலும் பீஸ் பாக்கியைப் பற்றிக் கவலைப்படுகிறானே என்று நினைத்து, வெட்டி அடுக்கி வைத்திருந்த பட்டன் பட்டிக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்து நீட்டினார். பையன் அதில் ஒன்றை உருவி விரலில் சுற்றிக்கொண்டான். வெள்ளைக் காட்டன், நல்ல துணி. அர்த்தம் தெரியாமல் கொடுத்ததே சரியான மருந்தாகிவிட்டது. மறுநாள் எண்ணிப் பார்த்ததில் ஒரு பட்டி குறைகிறது என்று செக்கிங்கில் சத்தம் போட்டார்கள், அது தனிக்கதை.

அந்தப் பையனிடம்தான் கொஞ்சம் ஹிந்தி கற்றுக்கொண்டேன். ‘பட்டி படித்துக் கொடுப்பது’ என்றால் அவர்கள் ஊரில் ஒருவனுக்கு வேண்டாததைச் சொல்லிக்கொடுத்துக் கெடுப்பது. போலீஸ்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் அந்தக் காலத்தில் காலில் சுற்றிக்கொண்ட துணியும் பட்டிதான். வெள்ளைக்காரன் அந்தச் சொல்லை அப்படியே தன் பாஷைக்குக் கொண்டுபோய்விட்டான். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பையன்கள் போனில் ஹிந்திச் செய்தி ஓடும். அதில் ‘காஸா பட்டி’ என்று வாசிப்பார்கள். நீளமான துண்டு நிலம் என்பதுதான் அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுகிறபோதெல்லாம் எனக்குச் சுற்றிலும் படல் கட்டி நடுவில் ஒடுங்கி நிற்கிற பட்டிதான் கண்ணில் வந்து நிற்கும். என்ன செய்ய, காது பிறந்த இடம் அப்படி.

கம்பெனி வேலையாக ஒரு தடவை மும்பை போயிருந்தேன். தங்கியிருந்த இடத்தில் வாட்ச்மேன், பட்டி கட்ட வேண்டும், பட்டி ஏறிவிட்டது என்று யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். காலில் அடியா என்று விசாரித்தேன். மராட்டியில் பட்டி என்றால் வரியாம். வீட்டு வரி கர்பட்டி, தண்ணீர் வரி பாணிபட்டி. கட்டுவது என்பது மட்டும் எல்லாப் பட்டிக்கும் பொதுவாக இருக்கிறது! அதே போல பக்கத்து ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்களுக்குப் பட்டி என்றால் ஜாபிதா. வாக்காளர் பட்டியலைக் கன்னடத்தில் ‘மததாரர பட்டி’ என்கிறார்கள். நம்முடைய பட்டியலில் பாதி அங்கே போதும்.

சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பார்க்கிற பட்டி இங்கிலீஷ்காரனுடையது, அதை விடுங்கள். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அம்மா ஒருவர் தன் பெயரை ‘Patty’ என்று சுருக்கிக் கையெழுத்துப் போட, எங்கள் மெர்ச்சன்டைசர் பெண்கள் அதைப் ‘பாட்டி’ என்றே படித்துவிட்டு, நேரில் வந்தபோது முப்பது வயதுப் பெண் இறங்கியதைப் பார்த்துத் திகைத்தார்கள். அதையும் விடுங்கள்.

விட முடியாத ஒன்று இருக்கிறது. கம்பெனியில் என்னோடு கணக்குப் பிரிவில் கோத்தகிரிப் பக்கத்துப் படகர் ஒருவர் இருந்தார். ஊர் எது என்றால் ‘ஹட்டி’ என்பார். அவர்கள் மொழியில் ஊருக்கே ஹட்டி என்றுதான் பெயர். நடுஹட்டி என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஒரு நாள் டீ குடிக்கும்போது நான் எங்கள் ஊர்ப் பட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் திடீரென்று டம்ளரை வைத்துவிட்டு, “உங்க பாலு எங்களுக்கு ஹாலு, உங்க பல்லு எங்களுக்கு ஹல்லு. அப்ப உங்க பட்டி?” என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பட்டி, ஹட்டி. கன்னடத்தில் பகரத்தில் தொடங்குகிற பழைய சொல் பலதும் ஹகரத்துக்கு மாறிப் போனது என்று அவர் விளக்கினார். பள்ளி ஹள்ளியானதும் புலி ஹுலியானதும் அப்படித்தானாம். கன்னடத்தில் மாடு அடைக்கிற இடமும் ஹட்டிதான், இடையர்கள் குடியிருக்கிற ஊரும் ஹட்டிதான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு போனேன். முதலில் மாட்டையும் ஆட்டையும் அடைக்க ஓர் இடம். அதைக் காவல் காக்கப் பக்கத்தில் ஒரு குடிசை. குடிசை நாலாகி, நாற்பதாகி ஊரானதும், பட்டியின் பெயரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் முதலில் நின்றது எதுவென்று இப்போது புரிகிறதுங்களா? மதுரை வாசகரின் பட்டியும் என் பட்டியும் வேறு வேறு இல்லை. அவருடையது ஊராகிவிட்டது, என்னுடையது இன்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். ‘பட்டிதொட்டி’ என்கிறோமே, அதில் வருகிற தொட்டியும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாடு அடைக்கிற இடத்தைச் சொல்கிற ‘தொட்டி’யாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். படித்தவர்கள் யாராவது எழுதினால் தெரிந்துகொள்வேன்.

கல்யாணம் முடிந்த கையோடு சம்பந்திகளைப் பேரூருக்கு அழைத்துப் போனேன். சாமி பெயர் பட்டீஸ்வரர் என்றதும் அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் பதறிப்போய், இது ஆட்டுப்பட்டியும் இல்லை, நீங்கள் நினைக்கிறதும் இல்லை என்று தல வரலாற்றைச் சொன்னேன். காமதேனுவின் கன்று மிதித்த குளம்புத் தடம் லிங்கத்தின் மேல் இருக்கிறது என்பார்கள். அந்தப் பசுவையும் கன்றையும் வைத்து வந்த பெயர். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வெளியே நந்தி பக்கம் வந்ததும் மகனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று மருமகனைக் கேட்டேன். “நல்லவேளை, இங்க கன்னுக்குட்டின்னு சொன்னாங்களேன்னு சொல்றாங்க” என்றார்.

அது இருக்கட்டும், நாயும் பட்டியும் எப்படி ஒரே சொல்லில் வந்து மாட்டின என்று நானும் வெகுநாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். நம் பக்கமே கட்டுத்தறியில் நிற்காமல் கண்ட காட்டில் வாய் வைக்கிற மாட்டைப் பட்டிமாடு என்கிறோம். பொறுப்பில்லாமல் சுற்றுகிற பையனை ‘பட்டிமாடு மாதிரி திரியறான்’ என்று திட்டுகிறோம். அப்படித் திரிந்த மாட்டைப் பிடித்து அடைக்கிற இடத்துக்குத் தொண்டுப்பட்டி என்று பெயர். அதற்கென்று 1871ஆம் வருடமே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டிருக்கிறான். என் சின்ன வயதில் தண்டம் கட்டி அங்கிருந்து மாட்டை மீட்டுக்கொண்டு வந்த அப்பாருவின் (தாத்தாவின்) முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆக, அடைக்கிற இடமும் பட்டி, அடங்காமல் திரிகிறதும் பட்டி. திரிகிறது மலை தாண்டி மலையாளத்துக்குப் போய் நாயாகிவிட்டதோ என்பது என் ஊகம். ஊகம்தான், அடித்துச் சொல்லவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு சொல் பக்கத்து ஊர்க்காரனுக்குப் புரியவில்லை என்று அதை எடுத்துவிட்டுக் கொட்டகையைக் கொண்டுவந்து வைத்தால் யாருக்குப் புரியப் போகிறது? நாய் கொட்டகைக்குள் புகுந்தது என்று நீங்கள் எழுதினால், படிக்கிற அதிகாரி ‘கதவைச் சாத்தி வைத்திருக்கலாமே’ என்று கேட்பார். என்னிடமே ஒருவர் கேட்டார். பட்டிக்குக் கதவு எங்கே இருக்கிறது? வெட்டவெளியில், நாலு படல் மறைப்பில், ஒரு கயிற்றுக்கட்டில் காவலில் நிற்கிறது என்பதை அந்த ஒரு சொல்தான் சொல்லும். அந்தச் சொல் போனால் என் மனுவில் பாதி போச்சு. வேண்டுமானால் ‘ஆட்டுப்பட்டி’ என்று எழுதுங்கள். மதுரை வாசகருக்கும் புரியும், எங்களுக்கும் எங்கள் சொல் மிஞ்சும்.

அந்த மாசி மாதக் காலையில் நான் முதலில் போன் செய்தது மகளுக்கு. அவள் எடுக்கவில்லை, எடுத்தது சம்பந்தி அம்மா. எனக்குப் பேச்சு வரவில்லை. ‘பட்டிக்குள்ள... பட்டி...’ என்று மட்டும் சொன்னேன். எப்போது அந்தச் சொல்லை எடுத்தாலும் இரண்டு வீட்டிலும் ஒரு சிரிப்பு வரும் அல்லவா, அன்றைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரவில்லை. எந்தப் பட்டிக்குள் எந்தப் பட்டி என்று அவரும் கேட்கவில்லை. “எத்ர எண்ணம் போயி?” என்று மட்டும் கேட்டார். ஒன்பது என்றேன்.

இந்தத் தைப் பொங்கலுக்கு அவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். காப்புக்கட்டுக்கு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் நாங்களே போய்ப் பறித்து வந்தோம். பொங்கலுக்கு மறுநாள் பொழுதோடே பட்டிக்கு முன்னால் சாணியில் தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் விட்டு, பொங்கல் வைத்துப் படைத்தோம். அந்த ராத்திரி பிழைத்த குட்டி இப்போது வளர்ந்த ஆடு. அதைத்தான் முதலில் தெப்பக்குளம் மிதிக்க விட்டோம். மாவிலைக் கொத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பட்டியைச் சுற்ற ஆரம்பித்ததும், எனக்கு முன்னால் கசவு முண்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு சம்பந்தி அம்மாதான் போனார். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரையும்விட அவர் குரல்தான் தூக்கலாகக் கேட்டது:

“பட்டி பெருக! பால் பானை பொங்க!”

அவர் கத்தியதைக் கேட்டு எங்கிருந்தோ ஒரு தெருநாய் குரைத்தது. அம்மா கையிலிருந்த மாவிலையை அந்தத் திசையில் வீசி, “நீயல்ல, நீயல்ல!” என்றார்.

இப்படிக்கு,
பட்டி வைத்திருக்கும் ஒரு வாசகன்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.